பழைய சி.ஐ. பைப்போட புது பிவிசி பைப்பைச் சேர்க்கிறது எப்படி: டெல்டா வீடுகளுக்கு முழு வழிகாட்டி

தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், திருவாரூர் பக்கம் 40, 50 வருஷத்துக்கு முன்னாடி கட்டுன மாடி வீடுகள்ல பாத்ரூம், கக்கூஸ் தண்ணி இறங்குற பைப் பல இடத்துல இன்னும் சி.ஐ.தான், அதாவது வார்ப்பிரும்பு. மேல நல்லா இருக்கும், கீழ மண்ணுக்குள்ள போன பகுதி அரிச்சுப் போயிருக்கும், இல்லன்னா மாடியில புதுசா ஒரு பாத்ரூம் எடுக்கணும்னு அதே பைப்ல சேர்க்க வேண்டி வரும். மொத்த இரும்பையும் பிடுங்கிப் போடணும்னு அவசியமே இல்ல, நல்லா இருக்குற இரும்பை வச்சுக்கிட்டு அதோட பிவிசியைச் சேர்க்கலாம், ஆனா சேர்க்கிற அந்த ஒரு ஜாயிண்ட்லதான் எல்லாமே இருக்கு.

நம்ம ஊர்ல வழக்கமா நடக்கறது என்னன்னா, பிவிசியை இரும்பு சாக்கெட்டுக்குள்ள, அதாவது பைப்போட அகலமான வாய்க்குள்ள சொருகி, சுத்தி கொஞ்சம் சணல், மேல சிமெண்ட் கலவை, அதுக்கு மேல எம்-சீல். இல்லன்னா சைக்கிள் டியூப் சுத்தி கட்டுக்கம்பி போட்டு முறுக்கறது. அன்னைக்கு ஒழுகாது. அடுத்த மழைக்காலம் முடியறதுக்குள்ள சுவத்துல ஈரம் ஏற ஆரம்பிக்கும்.

காரணம் நம்ம மண்ணு. மேட்டூர்ல தண்ணி திறந்து, வழக்கமா ஜூன் 12, வாய்க்கால் எல்லாம் ஓட ஆரம்பிச்சதும் கிணத்து மட்டம் ஏறும், ஐப்பசி கார்த்திகை மழையில களிமண்ணு ஊறி உப்பும், சித்திரை வைகாசியில காஞ்சு பாளம் பாளமா வெடிக்கும். வருஷா வருஷம் இந்த ஏற்ற இறக்கம் நடக்குது. சி.ஐ. பைப் சுவத்தோட ஆணி அடிச்சு நிக்குது, அது அசையாது. பிவிசி மண்ணுக்குள்ள கிடக்குது, மண்ணோட சேர்ந்து அது அசையும். இது ரெண்டுக்கும் நடுவுல கல்லு மாதிரி இறுகுன சிமெண்ட் இருந்தா அது வெடிக்காம என்ன செய்யும். வெயில் வேற இருக்கு, பிவிசி சூட்டுக்கு விரியறது இரும்பைவிட அஞ்சாறு மடங்கு அதிகம், 10 அடி பிவிசி பைப் 20 டிகிரி சூடு ஏறினா 4 மில்லிமீட்டர் நீளும். அதனால இரும்பும் பிவிசியும் சேர்ற இடத்துல கொஞ்சம் அசைஞ்சு கொடுக்குற ரப்பர்தான் இருக்கணும்.

முதல் வேலை, இருக்கறது இரும்பு பைப்தானான்னு பாருங்க

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, பெயிண்ட் அடிச்ச பழைய பைப் எல்லாமே பார்க்க ஒண்ணு போல இருக்கும். ஒரு காந்தத்தை எடுத்து ஒட்டிப் பாருங்க, ஒட்டினா இரும்பு. ஒட்டலைன்னா அது ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் பைப்பா இருக்கலாம், ஏ.சி. பைப்னு சொல்லுவாங்க, சாம்பல் நிறத்துல சிமெண்ட் மாதிரி இருக்கும், மழைத்தண்ணி பைப்பா நிறைய வீட்ல இருக்கு. அதை எக்காரணம் கொண்டும் கட்டிங் மெஷின் வச்சு அறுக்காதீங்க, துளை போடாதீங்க, அந்தத் தூசி நுரையீரலுக்குள்ள போச்சுன்னா பல வருஷம் கழிச்சு புத்துநோய் வரைக்கும் கொண்டு விடும். உடைக்காம, ஜாயிண்ட்ல கழட்டி முழுசா எடுக்கறதுதான் வழி, அதையும் நனைச்சு வச்சுக்கிட்டு செய்யணும். மண்ணுக்குள்ள பழுப்பு நிறத்துல வழவழப்பா இருந்தா அது ஸ்டோன்வேர், சுட்ட களிமண் பைப், அதுவும் காந்தத்துல ஒட்டாது. இந்த வழிகாட்டி ஒட்டுற பைப்புக்கு மட்டும்தான்.

இரும்புதான்னு தெரிஞ்சப்புறம் சின்ன சுத்தியல எடுத்து மேலேர்ந்து கீழ வரைக்கும் மெதுவா தட்டிக்கிட்டே வாங்க. கணீர்னு சத்தம் வந்தா பைப் உருப்படியா இருக்கு. பொத்துனு வந்தா அந்த இடத்துல விரிசல் இருக்கு இல்லன்னா உள்ள அரிச்சிருக்கு. சுவத்தைப் பார்த்த பின்பக்கத்தை கண்ணாடி வச்சுப் பாருங்க, முன்னாடி பெயிண்ட் அடிச்சு பளபளன்னு இருக்கும், பின்னாடி நெடுக துருப்பிடிச்சு வெடிச்சிருக்கும். படுக்கையா ஓடுற பைப்ல அடிப்பக்கம்தான் முதல்ல போகும். அறுக்கப் போற இடத்துக்கு மேல குறைஞ்சது 4 இன்ச் நல்ல இரும்பு இருக்கணும், ரெண்டு பைப்பையும் சேர்க்கற ரப்பர் உறை, அதாவது ரப்பர் கப்ளிங், கவ்வுறதுக்கு 2 இன்ச்சாவது வேணும், மிச்சம் பாதுகாப்புக்கு. நல்ல இரும்பு கிடைக்கற வரைக்கும் மேல ஏறிப் போங்க, அரைகுறை இரும்புல கிளாம்ப் போட்டு இறுக்குனா அங்கேயே நொறுங்கும்.

அளவு எடுக்கறது

கடையில போய் 4 இன்ச் கப்ளிங்னு கேட்டா ஏதோ ஒண்ணைக் கொடுப்பாங்க, வீட்டுக்கு வந்தா சேராது. சி.ஐ. பைப்புக்கு இன்ச் சொல்றது உள் விட்டத்தை, பிவிசிக்கு மில்லிமீட்டர் சொல்றது வெளி விட்டத்தை, குழப்பம் இங்கதான் ஆரம்பிக்குது. 4 இன்ச் சி.ஐ. உள்ள 100 மில்லிமீட்டர், கனம் 5 சேர்த்தா வெளிய 110 பக்கத்துல வரும், பிவிசி 110ம் வெளிய 110தான், அதனால இந்த அளவுல அதிர்ஷ்டம் நம்ம பக்கம். ஆனா 3 இன்ச் சி.ஐ. வெளிய 85 கிட்ட வரும், அதுக்குச் சேர்க்கற பிவிசி 75தான், 10 மில்லிமீட்டர் வித்தியாசம். பாத்ரூம் தண்ணி பைப் பெரும்பாலும் இந்த 3 இன்ச்தான், ஒழுகல் அதிகம் வர்றதும் இதுலதான், வித்தியாசத்தை கிளாம்ப் இறுக்கி சரிக்கட்டப் பார்க்கறாங்க, ரப்பர் மடிஞ்சு மடிப்பு வழியா ஒழுகும்.

நூல் எடுத்து பைப்பைச் சுத்தி ஒரு சுத்து, சேர்ற இடத்துல பேனாவால குறி, நூலை நீட்டி ஸ்கேல்ல அளந்து 3.14ஆல வகுத்தா வெளி விட்டம். 346 மில்லிமீட்டர் வந்தா 110, 267 வந்தா 85, 236 வந்தா 75. அறுக்கப்போற இடத்துல பெயிண்டையும் துருவையும் கம்பி பிரஷ்ல சுரண்டிட்டு அளங்க, பத்து தடவை அடிச்ச பெயிண்டே 2 மில்லிமீட்டர் கூட்டிக் காட்டும்.

வாங்க வேண்டியது

பிவிசி பைப் எஸ்.டபிள்யூ.ஆர்.தான் வாங்கணும், அதாவது மலம், கழிவுத்தண்ணி, மழைத்தண்ணி போறதுக்குன்னே செய்யற பைப், ஐ.எஸ். 13592 முத்திரை பைப் மேலயே அச்சடிச்சிருக்கும். அதுல டைப் ஏ, டைப் பி ரெண்டு இருக்கு. ஏ மழைத்தண்ணிக்கும் காத்துப் பைப்புக்கும், பி கழிவுத்தண்ணிக்கு. 110 டைப் பி கனம் 3.2 மில்லிமீட்டர், ஏ 2.2தான். விலை குறைச்சலா இருக்குன்னு ஏவை மண்ணுக்குள்ள போட்டா களிமண் அழுத்தத்துல நசுங்கும்.

ஜாயிண்டுக்கு ரப்பர் கப்ளிங், ரெண்டு பக்கம் ஸ்டெயின்லெஸ் கிளாம்ப், மேல ஸ்டெயின்லெஸ் தகடு உறை இருக்கற மாதிரி வாங்குங்க. உறை இல்லாத வெறும் ரப்பர் கப்ளிங் வளையும், மண்ணுக்குள்ள போட்டா நாளடைவுல நடுவுல தொங்கி அந்தப் பள்ளத்துல அடைப்பு சேரும். 3 இன்ச்சுக்கு ஒரு பக்கம் 85, மறுபக்கம் 75 வர்ற படிக்கட்டு கப்ளிங்னு கேட்டு வாங்கணும். சின்ன கடையில இருக்காது, கும்பகோணம் தஞ்சாவூர் பெரிய ஹார்டுவேர் கடையில சொல்லி வச்சா வரவழைப்பாங்க, ஆன்லைன்லயும் வருது. நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி மாதிரி கடலோரமா இருந்தா கிளாம்ப் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ்ஸானு கேளுங்க, உப்புக்காத்துல சாதா கிளாம்ப் சீக்கிரமே பொடிஞ்சுரும்.

இது போக கட்டிங் மெஷின், 4 இன்ச் பிளேடு நாலஞ்சு, ஆக்சா பிளேடு, கம்பி பிரஷ், உப்புத்தாள், அரம், சோப்புத் தண்ணி, டியூப் லெவல் (மட்டம் பார்க்கற தண்ணி டியூப்), கண்ணாடி, கையுறை, மாஸ்க். எண்ணெய், கிரீஸ் எதுவும் வேணாம், அது ரப்பரை ஊத வச்சுக் கெடுத்துரும், சோப்புத் தண்ணி போதும்.

அறுக்கறதுக்கு முன்னாடி

மேல் பைப்புக்குத் தாங்கு கொடுக்காம அறுக்கவே கூடாது. 6 அடி நீள 4 இன்ச் சி.ஐ. பைப் ஒண்ணே 20 கிலோவுக்கு மேல இருக்கும், மாடி வரைக்கும் நாலு பைப் நிக்குதுன்னா கணக்கு போட்டுப் பாருங்க, பழைய ஆணி துருப்பிடிச்சு இத்துப்போயிருக்கும், இத்தனை நாள் அதைத் தாங்குனது கீழ இருந்த பைப்தான். அதை அறுத்து எடுத்தா மேல இருக்கறது அப்படியே தலையில இறங்கும். அறுக்கற இடத்துக்கு மேல ரெண்டு இடத்துல, முடிஞ்சா சாக்கெட் காலருக்கு நேர் கீழ, கனமான இரும்பு கிளாம்ப் போடணும். நம்ம பழைய வீடுகள்ல சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும், அதுல ஆங்கர் போல்ட் அடிச்சா பிடிக்காது, காரை உதிர்ந்து வெளிய வந்துரும். 4 இன்ச் ஆழம் குடைஞ்சு ஆங்கிள் துண்டை வச்சு சிமெண்ட் போட்டு பூசி ஒரு வாரம் தண்ணி காட்டிட்டு, அப்புறம் கிளாம்ப் மாட்டுங்க. அவசரம்னு இந்த ஒரு வாரத்தை யாரும் சுருக்காதீங்க, ஆள் உயிர் சமாச்சாரம்.

அடுத்தது வாயு. கக்கூஸ் பைப்புக்குள்ள செப்டிக் டேங்க் வாயு நிக்கும், மீத்தேன் இருக்கும், கட்டிங் மெஷின்ல தீப்பொறி பறக்கும். சேம்பர் மூடியெல்லாம் காலையிலயே திறந்து காத்தாட விடுங்க, மேலேர்ந்து நாலஞ்சு வாளி தண்ணி ஊத்துங்க, கீழ செப்டிக் டேங்க் பக்கம் போற வாயை ஈரச்சாக்கு வச்சு அடைச்சுட்டு அப்புறம் மெஷினைத் தொடுங்க. திறந்த சேம்பர் மேல குழந்தைங்க, மாடு கன்னு போகாம பலகை சாத்தி வைங்க. எது உள்ள விழுந்தாலும் யாரையும் டேங்க்குக்குள்ள இறக்காதீங்க, அதுல ஒரே மூச்சுல ஆள் போயிருவாங்க, பாதுகாப்பு இல்லாம ஆளை இறக்கறது 2013 சட்டப்படி குத்தமும் கூட.

வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி மாடி கக்கூஸைப் பூட்டி சாவியை நீங்களே வச்சுக்கங்க.

அறுக்கறது

பழைய மாச காலண்டர் தாள் ஒண்ணை பைப்பைச் சுத்தி ஓரம் ஓரத்தோட சேர்ற மாதிரி சுத்துங்க, அந்த ஓரம்தான் நேர்கோடு, சாக்பீஸ்ல கோடு போடுங்க. கோணலா அறுத்தா ரப்பருக்குள்ள ஒரு பக்கம் இடைவெளி விழும், அங்க துணி, முடி எல்லாம் மாட்டும். முதல்ல கோடு முழுக்க 1 மில்லிமீட்டர் ஆழம் வாய்க்கால் மாதிரி எடுத்துட்டு, திரும்பத் திரும்ப சுத்தி வந்து ஆழப்படுத்துங்க, ஒரே இடத்துல அழுத்தி இறக்கக் கூடாது. உளி வச்சு அடிச்சு உடைக்கறவங்க இருக்காங்க, வார்ப்பிரும்பு வளையாது, வெடிக்கும், கீழ அடிச்ச அடியில விரிசல் மேல ரெண்டடிக்கு ஓடும், நல்ல பைப்பையும் சேர்த்து இழப்பீங்க.

சுவர் ஓரமா மெஷின் பின்பக்கம் போகாது. அதுக்கு ரெண்டு வழி. பூச்சைக் கொத்தி செங்கல்ல ஒரு அரை இன்ச் எடுத்து இடம் பண்ணலாம். இல்லன்னா நீக்கப் போற துண்டுல முன்பக்கம் ஜன்னல் மாதிரி ஒரு வெட்டு எடுத்து, அது வழியா ஆக்சா பிளேடோட ஒரு முனையில துணி சுத்திப் பிடிச்சு உள்ளேர்ந்து பின்பக்கத்தை அறுக்கலாம். நேரம் ஆகும், கை வலிக்கும், ஆனா சுத்தமா வரும். செயின் போட்டு இறுக்கி ஒடிக்கற கட்டர் வாடகைக்குக் கிடைச்சா இன்னும் நல்லது, தீப்பொறியே கிடையாது, ஆனா ரொம்ப அரிச்ச பைப்ல அது நேரா ஒடியாது.

அறுத்தப்புறம் வெளி ஓரத்தை அரத்தால லேசா மழுக்கி, கப்ளிங் உக்கார்ற 2 இன்ச்சை கம்பி பிரஷ், உப்புத்தாள் போட்டு வழவழன்னு ஆக்குங்க. சின்னச் சின்ன குழி இருந்தா எபாக்ஸி புட்டி தேய்ச்சு காய வச்சு மறுபடி உப்புத்தாள் போடுங்க, எம்-சீலுக்கு உண்டான வேலை இதுதான். உள்ள எட்டுற தூரம் வரைக்கும் துருப் பொருக்கையும் சுரண்டி எடுத்துருங்க.

சேர்க்கறது

ரப்பரையும் தகட்டு உறையையும் தனியாப் பிரிங்க. உறையை முதல்ல பிவிசியில ஏத்தி ஒதுக்கி வைங்க. ரப்பர் ஸ்லீவை சோப்புத் தண்ணி தடவி இரும்புல பாதி வரைக்கும் ஏத்துங்க, உள்ள நடுவுல ஒரு மேடு இருக்கும், இரும்பு அது வரைக்கும் போய் முட்டணும். கீழ்ப்பாதியை மேல மடிச்சு விட்டுட்டு, பிவிசியை நேர் கீழ கொண்டு வந்து, மடிச்சதை இறக்கினா பிவிசி மேல உக்காரும். உறையை இழுத்து மேல கொண்டு வந்து கிளாம்பை இறுக்கணும், ஸ்க்ரூ டிரைவரால முடியாது, சின்ன பாக்ஸ் ஸ்பேனர் வேணும், மேல ஒரு சுத்து கீழ ஒரு சுத்துன்னு மாத்தி மாத்தி. ரப்பர் பிதுங்கற அளவுக்கு முறுக்காதீங்க. மறுநாள் வந்து இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்க, ரப்பர் அமுங்கி இருக்கும், கண்டிப்பா கால் சுத்தாவது ஏறும்.

கீழ பிவிசிக்கு தனியா கிளாம்ப் போட்டு சுவத்துல நிறுத்தணும். கப்ளிங்ல பைப் தொங்கக் கூடாது. அதுக்குக் கீழ வர்ற பிவிசி ஜாயிண்டுகள்ல ஒண்ணாவது பசை போடாத ரப்பர் ரிங் ஜாயிண்டா இருக்கட்டும், முழுசா சொருகி குறி போட்டு 10 மில்லிமீட்டர் வெளிய இழுத்து விடுங்க, பிவிசி நீள்றதுக்கு இடம் அதுதான்.

சாக்கெட்டுக்குள்ளதான் சொருகியாகணும்னா

சில இடத்துல அறுக்க இடமே இருக்காது, தரையோட ஒரு சி.ஐ. சாக்கெட் வாயைத் திறந்துக்கிட்டு நிக்கும், உள்ள அந்தக் காலத்துல ஜாயிண்டை அடைக்க ஊத்துன பழைய ஈயம். அந்த ஈயத்தை சூடு காட்டி உருக்கி எடுக்காதீங்க, ஈயப் புகை விஷம், ஈரம் பட்டா தெறிக்கும். 6 மில்லிமீட்டர் பிட்டால ஈயத்துல வரிசையா துளை போட்டு, சின்ன உளியால உள்பக்கமா நெம்புங்க, வெளிப்பக்கம் அழுத்துனா சாக்கெட் வெடிக்கும். துகளை பேப்பர்ல பிடிச்சு சேர்த்து வைங்க, காயலான் கடையில எடுத்துக்குவாங்க. கையை சோப்பு போட்டுக் கழுவாம டீ கூட குடிக்காதீங்க. அடியில இருக்கற சணலையும் கொக்கி வச்சு இழுத்துருங்க.

சாக்கெட் உள்ளளவுக்கும் பிவிசி வெளியளவுக்கும் பொருந்துற ரப்பர் வளையம் கிடைச்சா அதை உக்கார வச்சு சோப்பு தடவி பிவிசியை அழுத்தி இறக்குங்க, வேற ஒண்ணும் வேணாம். கிடைக்கலைன்னா, பிவிசி நுனியில பசை தடவி உலர்ந்த ஆத்து மணலைத் தூவி காய வைங்க, சொரசொரப்பு வரும், வழவழப்பான பிவிசியில எதுவும் பிடிக்காது. நடுவுல நிறுத்தி, சிமெண்ட் பால்ல நனைச்ச சணலை மூணுல ஒரு பங்கு ஆழத்துக்கு இறுக்கி அடிச்சு, காய்ஞ்சப்புறம் மேல பாலியூரித்தேன் சீலண்ட். இது ரெண்டாந்தரம்தான், செங்குத்தா நிக்கற, கண்ணுக்குத் தெரியற ஜாயிண்டுக்கு மட்டும் வச்சுக்கங்க, மண்ணுக்குள்ள மூடற ஜாயிண்டுக்கு வேணாம். புதுசா ஈயம் காய்ச்சி ஊத்தவே ஊத்தாதீங்க, ஈயம் உருகறது 327 டிகிரியில, பிவிசி 80லயே இளகிரும்.

டெஸ்ட்

மூடறதுக்கு முன்னாடி கீழ் முனையை அடைச்சு, ஜாயிண்டுக்கு மேல ஒரு அஞ்சடி உயரத்துக்குத் தண்ணி நிரப்பி அரை மணி நேரம் விடுங்க. தண்ணியில கொஞ்சம் சொட்டு நீலம் கலந்து, ஜாயிண்ட்டைச் சுத்தி காய்ஞ்ச நியூஸ் பேப்பர் கட்டி வைங்க, ஒரு துளி கசிஞ்சாலும் நீலமாத் தெரியும். ஒழுகுனா மேல சீலண்ட் அப்பாதீங்க, கழட்டி இரும்பை மறுபடி தேய்ச்சு மாட்டுங்க.

மண்ணுக்குள்ள போற பகுதி

இந்த வேலைக்கு மாசி, பங்குனி நல்ல காலம், குழி வெட்டுனா தண்ணி ஊறாது. வாட்டம் 4 இன்ச் பைப்புக்கு 40க்கு 1, அதாவது 10 அடிக்கு 3 இன்ச், டியூப் லெவல் வச்சுப் பாருங்க. அதைவிட ரொம்ப சரிச்சுட்டா தண்ணி ஓடிரும், மலம் நின்னுரும். அடியில 4 இன்ச் ஆத்து மணல், பக்கவாட்டுலயும் மேலயும் மணல், வெட்டுன களியையும் செங்கல் துண்டையும் பைப்ல படற மாதிரி போடக்கூடாது. அஸ்திவாரச் சுவத்துக்குள்ள நுழையற இடத்துல பெரிய பைப் துண்டு ஒண்ணை உறையா வச்சு அதுக்குள்ள 110ஐ விடுங்க, சுத்தி சீலண்ட், சிமெண்ட் போட்டு இறுக்காதீங்க.

மூடும்போது பைப்புல தண்ணி நிரப்பி வச்சுக்கிட்டு மூடுங்க. குழியில தண்ணி ஏறிருச்சுன்னா காலி 110 பைப்பை மீட்டருக்கு 8 கிலோ பலத்தோட மேல தூக்கும், போட்ட வாட்டம் எல்லாம் வீணாப் போகும். கப்ளிங் இருக்கற இடத்துக்கு மேல மட்டும் சின்னதா ஒரு செங்கல் தொட்டி கட்டி மூடி போட்டு விடுங்க, பின்னாடி இறுக்கிப் பார்க்க வசதியா இருக்கும்.

சி.ஐ. பைப்போட மேல் முனை மொட்டைமாடிக்கு மேல திறந்திருக்கும், அது காத்துப் பைப், இடைஞ்சல்னு அறுத்து மூடிராதீங்க, மூடினா பாத்ரூம் தரையில நாத்தத்தைத் தடுக்க தண்ணி நிக்கற நானி ட்ராப்ல இருந்து பைப் அந்தத் தண்ணியை உறிஞ்சிரும், வீடு முழுக்க நாத்தம் அடிக்கும். கொசு வலை கட்டுனா போதும். வெயில் படற பிவிசிக்கு வெளிர் நிறத்துல ஒரு பெயிண்ட் அடிங்க.

ரோட்டுல இருக்கற பாதாள சாக்கடையில சேர்க்கறது இதுல சேர்த்தி இல்ல, அதுக்கு மாநகராட்சி, நகராட்சியில மனு கொடுத்து அவங்க ஆள் வந்துதான் சேர்க்கணும், நம்ம வேலை கடைசி சேம்பரோட முடிஞ்சது. முதல் கார்த்திகை மழை விட்டதும் ஒரு தடவை, அடுத்த வைகாசியில மண் வெடிச்சிருக்கும்போது ஒரு தடவை அந்தத் தொட்டி மூடியைத் திறந்து ஜாயிண்ட்டைத் தொட்டுப் பாருங்க, கிளாம்ப் தளர்ந்திருந்தா கால் சுத்து ஏத்தி மூடிருங்க.